ஏழு தலைப் பனையும் எடுக்காத படமும்

துறைமுகத்து ஏஜெண்ட் ஆபீசில் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "போட்டோக்கார ஞானமுத்து அண்ணாச்சி காலையில போயிட்டாவ." அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி: அந்தப் பனையைக் கடைசியில் படம் எடுத்தாரா, இல்லையா? என் பிறவி அப்படி, என்ன செய்ய?

அவர் ஸ்டுடியோவில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்ற உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் பெட்டிக் காமிராவைக் கட்டிக்கொண்டு என்னோடு அதிசயம் தேடி அலைந்த மனிதரைத் தெரியாது. அவர் படம் எடுப்பார், நான் குறிப்பு எழுதுவேன். சென்னை வாரப் பத்திரிகை ஒன்று வெளியிடும்.

திரேஸ்புரத்தில் ஒரு முற்றத்தில் திமிங்கிலத் தாடை எலும்பை நட்டு, அதில் துணி காயப்போட்டிருந்தார்கள். வேலி இடுப்பளவுதான், தெருவில் நின்றே எடுத்துவிடலாம். அண்ணாச்சியோ கேட்காமல் பெட்டியைத் திறக்கமாட்டார். வீட்டுக்கார அம்மாள் துணி காயட்டும் என்றாள். அன்றைக்கென்று மழை மூட்டம். மத்தியானம்வரை நின்றோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவுக எலும்பு, அவுக துணி. ஒனக்கு என்னலே அவசரம்?" என்றார்.

இனி அந்தப் பனை. திருச்செந்தூர் சாலையை விட்டு உள்ளே, செம்மணல் மேடான தேரியில் ஓர் ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். பனைக்கு ஏது கிளை? ஆனால் செல்லக்கனி அம்மாளின் உடைமுள் வேலிக்குள் ஒரு பனை பாதி உயரத்தில் பிரிந்து, ஏழு தலையோடு நிற்கிறது. படம் எடுக்கக் கேட்டோம்.

"வேண்டாம்யா. படம் வந்தா ஊரே வரும். ஒருத்தன் மஞ்சத்துணி கட்டுவான், இன்னொருத்தன் சூடம் கொளுத்துவான். சாமி மரம்னு ஆயிரும். பெறகு என் மரத்துல பதனி எறக்க நான் எவன்கிட்டப் போய் நிக்க?"

"சரிக்கா" என்று அண்ணாச்சி தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில், அதே தண்ணீர்.

அதற்குள் பத்திரிகையிலிருந்து கடிதம்: படம் கிடைத்தால் அட்டையிலேயே போடுவார்களாம்! மூன்றாம் முறை அண்ணாச்சி அந்த அம்மாளைத் தேடிக் கிணற்றுப் பக்கம் போனார். நான் காமிராவோடு வேலிக்குள் நுழைந்துவிட்டேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், கண்ணாடியில் மரம் தலைகீழாகத் தெரிந்தது. அடடா, ஏழு தலையும் கீழே! படத்தைப் பிடித்தேன். நிமிர்ந்தால் இருவரும் எதிரே நிற்கிறார்கள்.

அண்ணாச்சி நேரே காமிராவிடம் வந்தார். படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டை உருவி வெயிலில் காட்டினார். யுத்த காலம்; பிளேட்டுக்குப் பெரும் பஞ்சம்.

அந்த அம்மாள் உற்றுப் பார்த்தாள். "இதுல மரத்தையே காணுமே?"

"கழுவுனாத்தான் தெரியும்க்கா. வெயில் பட்டுட்டு, இனிமே தெரியாது."

"இருந்து அழிஞ்சிதுன்னு நான் எப்படி நம்ப?"

"இந்தா, இவன் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தாள், நம்பிவிட்டாள். நான் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை.

பிறகு அவர் மட்டும் தனியே போய்வந்தார். எடுத்தீரா என்று கேட்டால் சிரிப்பார். அடக்கம் முடிந்த மறுநாள் செய்தி சொல்ல நானே போனேன். வேலிப்படலுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தாள்.

"போன மாசம் வந்தாரு. தண்ணி குடிச்சாரு. மரத்தப் பத்தி வாயே தொறக்கல. கேட்டிருந்தா இந்தத் தடவ சரின்னிருப்பேன்யா."

'அப்படியானால் நான் எடுத்துக்கொள்ளட்டுமா?' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்ட இடத்தில் கண்டதைக் கேட்டே வளர்ந்தவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்காமல் சைக்கிளைத் திருப்பினேன். அண்ணாச்சியின் சொத்தாக என்னிடம் இருப்பது, கடைசியில் அவர் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான். அதை யாரிடமும் கேட்கமாட்டேன்.