நூல் கட்டிய பேனா

காலையில் வந்ததும் எழுத்தர் பேனாவை ஓர் இழு இழுத்துப் பார்ப்பார். மேசைக் காலில் முடிச்சுப் போட்ட சணல் நூலின் மறுமுனையில் அது தொங்குகிறது. நூல் தாங்கும் என்று உறுதியான பிறகுதான் மூக்குக்கண்ணாடி உறையிலிருந்து வெளியே வரும். "அழுதுகிட்டே வருவாங்க, போகும்போது பேனாவோட போவாங்க" என்பார்.

பெண்கள் காப்பகம் ஒன்றில் அவர் பதிவு எழுத்தர். அடைக்கலம் கேட்டு வருகிறவர்களின் கதையைப் படிவத்தில் எழுதி, ஓரத்தில் ஒரு குறி போடுவது பத்தொன்பது வருட வேலை. டிக் விழுந்தால் உள்ளே கட்டில் உண்டு. சுழி விழுந்தால் வந்த வழியே நடையைக் கட்ட வேண்டியதுதான். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'குறுக்கு விசாரணை'. வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம்! மழை பெய்கிறது என்று மனைவி சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

ஒரே கதையை மூன்று முறை சொல்லவைப்பது அவருடைய உத்தி. நடுவில் தண்ணீர் கொடுப்பார், பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார், பிறகு சட்டென்று, "ஆமா, அன்னைக்கு என்ன கிழமைன்னு சொன்னீங்க?" கதை மாறினால் பொய்.

போன மாதம் காப்பகத்தின் ஆலோசகரம்மா எல்லாரையும் உட்காரவைத்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். அடிபட்டு வந்தவர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது, அவர்கள் உட்காரும் நாற்காலி வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார். நம்மாளுக்கு வந்ததே சந்தேகம். "வாசலைப் பாத்தா? எந்திரிச்சு ஓட வசதியாவா?" தன்னைக் கழற்றிவிடத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்று முடிவு கட்டினார். பயிற்சியில் கொடுத்த பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை, பாவம். ஆலோசகரம்மா திருப்பிப் போட்ட நாற்காலியை, அந்தம்மா தலை மறைந்ததும் இவர் பழையபடி வைத்துவிட்டார்.

நேற்று ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு துணிப்பை, காலில் செருப்பில்லை. முதுகுக்குப் பின்னால் காலடி கேட்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். இவர் வழக்கம்போல மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

"நல்லா மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கீங்களே!" சுழி போடக் கை போனது.

"ஆமா சார். போலீஸ்ல சொன்னேன், ஆஸ்பத்திரியில சொன்னேன், எங்க அண்ணன்கிட்ட சொன்னேன். முதல்ல மாத்தி மாத்தித்தான் வந்துச்சு. பொய் சொல்றேன்னாங்க. அதான் மனப்பாடம் பண்ணிட்டேன். இதுவும் தப்பா?"

மாறினாலும் பொய், மாறாவிட்டாலும் பொய். அப்படியானால் தன்னிடம் உண்மையை எப்படித்தான் சொல்வது? இத்தனை வருடமாகப் போட்ட சுழிகள் ஞாபகத்துக்கு வந்தன.

"எந்திரிங்கம்மா."

விரட்டுகிறார் என்று நினைத்து அவள் பையை எடுத்துக்கொண்டாள். அவர் நாற்காலியைத் தூக்கிவந்து தன் பக்கத்தில், வாசலைப் பார்த்துப் போட்டார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து, முதல் வேலையாக ஓரத்தில் டிக் அடித்து, அவள் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு எதை எழுதணும்னு தோணுதோ, அதை மட்டும் எழுதுங்க."

அவள் பேனாவை இழுத்தாள். மேசையின் மறுபக்கத்துக் காலில் கட்டிய நூல் எட்டவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அவர் மேசைக்கடியில் குனிந்தார். பத்தொன்பது வருட முடிச்சு, நகத்துக்கு அசையவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பேனாவை அவள் கையில் கொடுத்தார்.