நாக்கு மிஸ்

நாக்கை இரண்டு வரிசைப் பற்களுக்கும் நடுவே நீட்டி அப்படியே நிறுத்திக்கொள்கிறார். ஒரு விநாடி, இரண்டு, மூன்று. ஆங்கில வகுப்பில் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பதினான்கு குழந்தைகளும் நாக்கை நீட்டுகின்றன. ஒருவன் மட்டும் நாக்கால் மூக்கைத் தொடப் பார்க்கிறான். "உன் நாக்கு அவ்வளவு நீளம் இல்லடா கண்ணா" என்று அவனுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, காற்றை ஊதி 'தேங்க் யூ' என்கிறார். பதினான்கு எச்சில் சாரல்கள் திரும்பி வருகின்றன. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நீட்டுகிறார்.

குழந்தைகள் தங்கள் மொழியில் அவருக்கு வைத்திருக்கும் பெயருக்கு 'நாக்கு மிஸ்' என்று பொருள். வயது ஐம்பத்தாறு. முழங்கால் வலி உண்டு. ஆனாலும் வகுப்பில் நாற்காலியைத் தொடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிவது அவருடைய முகவாயின் அடிப்பக்கம்தான். தரையில் உட்கார்ந்தால் வாய் நேருக்கு நேர் வரும். "முதல்ல வாயைப் பாரு, காது தானா வரும்." இவ்வளவுதான் அவருடைய பாடத்திட்டம். எந்தப் புதுச் சொல்லானாலும் அவர் வாயைப் பார்த்த பிறகே குழந்தை வாயைத் திறக்க வேண்டும்.

யாராவது தடுக்கி விழுந்தால் "ஐயய்யோ!" என்பார். இப்போது அந்தக் குழந்தைகள் எல்லாம் "ஐயய்யோ" என்றுதான் விழுகின்றன. ஒரு தகப்பன் அதை ஆங்கிலம் என்று நம்பி அலுவலகத்தில் பயன்படுத்தி வருகிறான்.

கணவரின் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவர். வகுப்புக்கான பட அட்டைகளை வெட்டித் தருவது கணவரின் மாலை வேலை. குழந்தைகளைக் குத்தக் கூடாது என்று ஒவ்வொரு மூலையையும் வளைத்து வெட்டுவார். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். கடைசியாக வெட்டியது கத்தரிக்காய். அவர் இறந்து எட்டு மாதமாகிறது. வகுப்பு காய்கறியிலேயே நிற்கிறது. "பழத்துக்கு எப்பம்மா போவ?" என்று தொலைபேசியில் மகள் கேட்டாள். "என்ன அவசரம்? கத்தரிக்கா எங்க ஓடிப்போகுது?"

கணவரின் வேலையைப் பிடித்துக்கொண்டிருந்த குடியிருப்பு அனுமதி இப்போது இவருடைய வேலையைப் பிடித்துத் தொங்குகிறது. ஆண்டுதோறும் பள்ளி முதலாளி கையெழுத்திட வேண்டும். இந்த மாதக் கடைசிதான் கெடு. கையெழுத்து இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். கல்லறைத் தோட்டம் இங்கேயே இருக்கும். "அவரைத் தனியா விட்டுட்டு வரச் சொல்றியா?" என்று மகளிடம் கேட்பார்.

முதலாளி தமிழன். முப்பத்தெட்டு வயது. வார்த்தைக்கு வார்த்தை "அக்கா". சவப்பெட்டியின் இடது முன்மூலையைத் தோளில் சுமந்தவன்.

பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு அவன் ஒருவரை அழைத்து வந்தான். அவர் மெத்தைக் கடையில் விற்பனையாளர். அவர் பிறந்த நாட்டிலும் ஆங்கிலம் பேசுவதில்லை. ஆனால் பொன்னிற முடி, நீலக் கண். சனிக்கிழமை ஆசிரியராக நிற்க அது போதுமாம்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பேரண்ட்ஸ் ஒரு முகத்தை எதிர்பாக்கறாங்க. நம்ம முகம் அவங்ககிட்ட எடுபடாது."

"உன் முகமும் இதே முகம்தானே தம்பி?"

"நான் ஓனர்க்கா. நான் பாடம் எடுக்கலையே."

ஒத்திகையில் அவரைப் பின்சுவரோரம் உட்கார வைத்தார்கள். மெத்தைக்காரர் முன்னால் நின்று கேரட் படத்தைத் தூக்கிக் காட்டி, "கேரட்" என்றார். பதினான்கு தலைகளும் பின்னால் திரும்பின. வாயைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? மிஸ்ஸின் வாய் மூடியிருந்தது. குழந்தைகள் காத்திருந்தன. மெத்தைக்காரர் பாவம், காது சிவந்து, கையிலிருந்த அட்டையை வளைத்து வளைத்து நிமிர்த்தினார். மிஸ் எழுந்துபோய் அதைப் பிடுங்கினார். "அதை மட்டும் மடக்காதே!" தமிழில்தான் சொன்னார். அந்த மனிதருக்குப் புரிந்தது.

முதலாளிக்கு வேறு ஒன்று புரிந்தது. "நீங்க உள்ள இருந்தா சரிப்படாதுக்கா. சனிக்கிழமை வாசல்ல நின்னு வர்றவங்க கோட்டை வாங்கி மாட்டுங்க. பிள்ளைங்க கண்ணுல படாதீங்க." ஒரு ஏப்ரனையும் கொடுத்தான். உதவியாளர் என்று அச்சடித்திருந்தது.

தொலைபேசியில் மகள் கொதித்தாள். "அதைத் தூக்கி அவன் மூஞ்சில எறிஞ்சுட்டு வாம்மா."

"எறிஞ்சா யாரு கையெழுத்துப் போடுவா? உங்கப்பனா எழுந்து வருவாரு?" ஏப்ரனை மடித்து மேசையில் வைத்தார். "மேடம்னு கூப்பிடறவன் பண்ணியிருந்தா இவ்வளவு எரியாதுடி. அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே பண்றான்."

சனிக்கிழமை மழை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பத்தொன்பது கோட்டுகளை வாங்கி மாட்டினார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே மெத்தைக்காரரின் குரல், பிறகு நிசப்தம். மறுபடி அவர் குரல், மறுபடி நிசப்தம். ஒரு குழந்தை தன் மொழியில் உரக்கக் கேட்டது: "நாக்கு மிஸ் எங்க?" இன்னொன்று அழத் தொடங்கியது. பெற்றோர் முணுமுணுத்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு முதலாளி வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. "அக்கா, மானம் போகுது. சீக்கிரம் வாங்க. அதோ, பின்வரிசை ஓரமா உக்காருங்க. வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம். கையெழுத்துக்கு நான் பொறுப்பு."

"சத்தம் வேண்டாமா?"

"வேண்டாம்க்கா."

அந்த நேரம் பார்த்துத் தாமதமாக ஒரு தாய் ஓடிவந்தாள். முகத்தைக்கூடப் பார்க்காமல், நனைந்து கனத்த கோட்டை நாக்கு மிஸ்ஸின் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

முதலாளியின் கை இன்னும் பின்வரிசையைக் காட்டியபடி நீண்டிருந்தது. மிஸ் அந்தக் கோட்டை உதறி, காலரைச் சரிசெய்து, அவன் கையில் மாட்டினார். பிறகு ஏப்ரனைக் கழற்றி அதன் மேல் போட்டுவிட்டு, வட்டத்தின் முன்பக்கத்துக்கு நடந்தார்.