ரிலீஸ் பத்திரம்

ரிலீஸ் என்ற சொல் எனக்குச் சினிமாவால் தெரியும். புதுப்படம் வந்தால் தாம்பரத்துச் சுவரெல்லாம் அதுதான் இருக்கும். ஜெயிலிலிருந்து ஆளை வெளியே விடுவதற்கும் அதைத்தான் சொல்வார்கள். பத்திரத்திலும் அந்தச் சொல் உண்டு என்பது, ஐந்தாவதோடு நின்ற எனக்கு, அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

செம்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன மனை. அதில் என் பங்கு வேண்டாம் என்று தம்பிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பேர்தான் ரிலீஸ். எங்கள் குடும்பங்களில் பெண்கள் அப்படித்தான் கொடுப்பது. கொடுக்காதவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் கிடையாது. என் அத்தைகள் எல்லாரும் கொடுத்தவர்கள்.

சேலையூரில் வாடகைக்கு இருந்த என் மகளை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருந்தார். பத்திரத்துக்கு முதல் நாள் வந்தாள். போனில் அந்தச் சொல்லைத் தேடிப் படித்துக் காட்டினாள். லத்தீன் என்ற பழைய பாஷையில் தளர்த்துவது என்று அர்த்தமாம். வீட்டை லீஸுக்கு விடுகிறோமே, அந்த லீஸும் அதே வேராம்.

"லீஸ்னா முடிஞ்சதும் வீடு திரும்பி வரும்மா. இது வராது. உன் பங்கு இருந்தா ஒரு ரூம் போட்டுக்கிட்டாவது இருந்துப்போம். நாளைக்கு அங்க இந்தப் பத்திரம் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு."

சொல்கிறேன் என்றேன்.

பத்திர ஆபீசில் ரேகை மிஷின் என் பெருவிரலை எடுக்கவில்லை. மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னாள். அப்போதும் எடுக்கவில்லை.

"இன்னாக்கா, பாத்திரம் கழுவிக் கழுவி ரேகையையும் சேத்துக் கழுவிட்டியா?" என்றான் தம்பி.

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார்கள். சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஏழாவது விரலை எடுத்துக்கொண்டது.

யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, சம்மதம்தானே என்று அதிகாரி கேட்டார். தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்கம்மா."

அத்தனை பேர் எதிரில் நான் பேசியதில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் அதோடு முடிந்துவிடும்.

"ஆமாங்க" என்றேன்.

வெளியே தம்பி மனைவி தட்டில் புடவை வைத்துக் கொடுத்தாள். ஓட்டலில் பூரி வாங்கித் தந்தார்கள். சாப்பிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

சாயந்திரம் மகள் போன் செய்தாள். ரேகை வைத்துவிட்டேன் என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் மகளும் மாப்பிள்ளையும் படப்பைப் பக்கம் வீடு பார்த்துப் போனார்கள். பால் காய்ச்சியதை மாப்பிள்ளையின் அக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். படப்பைக்கு எந்த பஸ் என்று எனக்குத் தெரியும். எந்தத் தெரு என்று மகளைக் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.