உள்ளங்கைச் சீனி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில், பால் ஊற்றாத வெறுஞ்சாயத் தேநீரில் சீனி போட்டுக் கலக்க மாட்டோம். உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். விருந்தாளிக்கும் அப்படித்தான். நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் தற்காலிகமாகத் தேநீர் பரிமாறிக்கொண்டிருந்த என் மகள், சீனி கேட்ட வெள்ளைக்காரப் பெண்ணைப் பழக்கத்தில் கையை நீட்டச் சொல்லி, ஒரு கரண்டி கொட்டிவிட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாளாம். மேனேஜர் சிரிக்கவில்லை. உனக்கு சோபிஸ்டிகேஷன் இல்லை, மாதக் கடைசிக்குள் திருந்தினால்தான் வேலை நிரந்தரம் என்று சிங்களத்தில் ஏசியிருக்கிறார். அந்த ஒரு சொல் மட்டும் இங்கிலீஷ்.

வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அப்படின்னா என்னாடி?"

"நாசூக்கும்மா. நாகரிகம்."

"அந்தாளு நாசூக்காவா ஏசுனான்? அது எங்கேருந்து வந்த சொல்லுன்னு போன்ல பாரு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தாள். வேர், கிரேக்க மொழியில் அறிவைக் குறித்த சொல்லாம். கூலி வாங்கிக்கொண்டு வாதாடக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டதும் அதில் சூது ஏறிவிட்டது. பிறகு இங்கிலீஷில் நல்ல சரக்கில் மட்டமானதைக் கலப்பதற்கு அந்தச் சொல். தேயிலையில் வேறு இலையைக் கலந்தாலும் அதுதானாம். பாராட்டாக மாறியது ரொம்பப் பிந்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேயிலை ஃபெக்டரியில் சலிக்கும் அறையில் வேலை செய்தவள் நான்.

"கலப்படம் இல்லைன்னா ஏசுறான்? போய்க் கேளுடி."

"கேட்டா நாளைக்கே பெட்டியக் கட்டச் சொல்லுவாரு. சும்மா இருங்கம்மா."

சிரித்துவிட்டாள். ஆனால் பயம் போகவில்லை. அந்த மாதம் முழுக்கக் கண்ணாடி முன் நின்று புன்னகை பழகினாள். எனக்கு அந்தப் புன்னகையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இதற்கிடையில் அந்த வெள்ளைக்காரப் பெண் தன் உள்ளங்கைச் சீனியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்தவர்கள் வந்து அதே மாதிரி கேட்டார்கள். மேனேஜர் உடனே 'தோட்டத்துத் தேநீர் அனுபவம்' என்று மெனுவில் சேர்த்தார். என் மகளுக்கு வேலை நிரந்தரமானது. விருந்தாளிகளின் கையில் சீனி வைப்பதுதான் இப்போது அவள் வேலை. தன் யோசனை என்று எல்லோரிடமும் சொல்கிறாராம் அந்த மனிதர்.

வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அவரைத்தான் நம்பவில்லை. இவளுக்கு வெள்ளைக் கையுறை கொடுத்திருக்கிறார்.

"எதுக்குடி இது?"

"இருந்தாத்தான் சோபிஸ்டிகேஷனாம்."

தினமும் நான்தான் துவைத்துக் காயப்போடுகிறேன். தேநீர் ஊற்றுகிறவள் கையில் சாயக்கறை தெரியக் கூடாதாம்.