பாதி அப்பம்

வில்லாபுரத்தில் பிலோமினாளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாகக் கிளார்க். டி.சி. வாங்க வருகிறவர்களையும் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பேசுவாள். கணவர் கிறிஸ்துராஜ் தங்கமான மனுஷர். மகள் ஆஷ்லின் கல்லூரியில் படிக்கிறாள். நிறைவான வாழ்க்கைதான். ஆனாலும் முப்பத்திரண்டு வருடமாக அவள் நெஞ்சில் ஒரு முள் தைத்துக் கிடந்தது. அதற்குப் பெயர் பாண்டிமீனா.

ஒரு ஞாயிறு மதியம் மகளோடு உட்கார்ந்து டிவியில் படம் பார்த்தாள். இரண்டு சிறுமிகளின் சிநேகிதக் கதை. ஒருத்தி பயத்தில் மற்றவளைக் கைவிட்டுவிடுகிறாள். ஆஷ்லின் முறுக்கைக் கடித்தபடி, "இவ அங்கனயே உண்மையச் சொல்லிருக்கலாம்லம்மா?" என்றாள். பிலோமினாளுக்குக் கண் பொங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை காலையிலேயே பாண்டிமீனாவின் ஊரான உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஏழாம் வகுப்பில் இருவருக்கும் ஒரே விடுதி, ஒரே பெஞ்சு. ஒரு கடலைமிட்டாய் கிடைத்தாலும் கடித்துப் பாதியாக்கித்தான் தின்பார்கள். பாண்டிமீனா வீட்டில் கும்பிடுவது கருப்பசாமியை. ஞாயிறு பூசையில் எல்லாரும் ஃபாதர் கையால் அப்பத்தை நன்மையாக வாங்க வரிசையில் போகும்போது, ஞானஸ்நானம் பெறாததால் அவள் மட்டும் பெஞ்சில் இருப்பாள். அவளைத் தனியே விட்டுப் போக மனசில்லாமல் பிலோமினாள்தான் ஒருநாள் சொல்லிக்கொடுத்தாள்: "எம் பின்னாடியே வா. கைய நீட்டு. ஆமென்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

பாண்டிமீனா அப்படியே வாங்கினாள். வாயில்தான் போடவில்லை. தனியாக எதையும் தின்று பழகாத பிள்ளை. பெஞ்சுக்கு வந்து அந்த வெள்ளை அப்பத்தை இரண்டாக உடைத்து, "இந்தா, ஒம் பாதி" என்று நீட்டினாள்.

வார்டன் சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

பாண்டிமீனா வாய் திறக்கவில்லை. தோழியை மட்டும் பார்த்தாள். சிஸ்டரும் அந்தப் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரியாது சிஸ்டர்" என்றாள் பிலோமினாள்.

அவளுடைய பன்னிரண்டு வயது மனசு அந்த ஒரு வார்த்தையில் கிழவியாகிவிட்டது. பாண்டிமீனா மதியம்வரை வெயிலில் முட்டி போட்டாள். அந்த வருடத்தோடு வேறு பள்ளிக்கும் போய்விட்டாள்.

இப்போது பிலோமினாள் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு தொழுவத்தில் பாண்டிமீனா மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு, பிலோமியா? என்னடி இம்புட்டுப் பெருத்துட்ட?"

பிலோமினாள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் மனப்பாடம் செய்ததையெல்லாம் நின்ற இடத்திலேயே கொட்டினாள். "நான்தான்டி உன்னக் கூப்பிட்டேன். நான்தான் சொல்லிக்குடுத்தேன். சிஸ்டர்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்?" பாண்டிமீனா மாட்டின் முதுகில் தண்ணீரை ஊற்றினாள். "நீ சொல்லிருந்தா ரெண்டு பேருமாச் சேந்து முட்டி போட்டிருப்போம். பயந்துட்ட. அதுக்கா நான் கோவப்பட்டேன்?"

"பெறகு ஏன்டி பள்ளிக்கூடம் மாறுன?"

"மறுநா நீ வேற பெஞ்சுக்குப் போயி உக்காந்தியே. நாலு மாசம் எம் பக்கம் திரும்பல. அதத்தான் என்னால தாங்க முடியல."

அந்தப் பொய்யைப் பிலோமினாள் எத்தனை முறை பாவமன்னிப்புக் கேட்டு ஃபாதரிடம் சொல்லி அழுதிருப்பாள். பெஞ்சு மாறியதை ஒரு முறையாவது சொன்னதுண்டா? அவளுக்கு அது நினைவில்கூட இல்லை.

"ஒம் மூஞ்சியப் பாக்க வெக்கமா இருந்துச்சுடி" என்று விம்மினாள்.

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன, கிறுக்கச்சி. நான் என்னமோ என் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டே திரிஞ்சேன்." ஈரக் கையோடு பாண்டிமீனா தோழியை இழுத்து அணைத்துக்கொண்டாள். "போதும், அழுகாத. மாடு மெரளுது."

அந்த நேரம் பார்த்து கிறிஸ்துராஜின் போன் வந்தது. பாண்டிமீனாவே அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, பாண்டிமீனா பேசுறேன். இன்னிக்கி இவள விடமாட்டேன். நாளைக்கி விடியக்காலம் மொத பஸ்ஸுல பூசைக்கு அனுப்பிவிடுறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டு வந்தவர் அவர். "சரிம்மா" என்றவர், தயங்கிக் கேட்டார்: "அவ சொல்ல வேண்டியதச் சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா அண்ணே. நானும் சொல்லிட்டேன்."