மைக் மாமா முடித்து வைத்த படங்கள்

‘உரைபெயர்ப்பாளர்: திரையில் பேசப்படுவதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், உணர்ச்சி கலவாத குரலில், ஒலிபெருக்கி வழியே தமிழில் சொல்பவர்.’ படக் கழகத்தின் விதிப் புத்தகம், ஏழாம் பிரிவு. அந்தப் பிரிவுக்கு உரிய ஆள், அரங்கத்தின் பின்சுவரை ஒட்டிய மரத்தடுப்புக்குள் உட்கார்ந்து, மேசை விளக்கைச் சாய்த்து வைத்து, மூக்கை உறிஞ்சியபடி, திரையில் நகரும் ரயிலைப் பார்த்து, “போறான் பாருங்க, அவளை அப்படியே விட்டுட்டு. இவனெல்லாம் உருப்படுவானா?” என்று மைக்கில் கேட்டுக்கொண்டிருப்பார். ரயிலில் போகிறவன் அந்தக் காட்சியில் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டான்.

தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. வயது எழுபத்தொன்று, இன்றும் காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கிறார். யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, கண்ணாடியின் காதுப்பிடி கோணலாக இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே கழற்றி வாங்கி நிமிர்த்தி மாட்டிவிடுகிறார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் இதைச் செய்திருக்கிறார். திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்குக் கண்ணாடி விற்பது அவருடைய பிழைப்பு. கண்ணாடி போட்ட பிறகும் அவர்கள் எழுத்தைப் படிக்காமல் தன் குரலையே நம்பும்படி பார்த்துக்கொண்டது இருபத்திரண்டு வருஷத்துப் பொழுதுபோக்கு. மனைவியின் தம்பி அவரை மாமா என்று கூப்பிட, அரங்கமும் அப்படியே கூப்பிட, மைக் மாமா ஆனார்.

அந்தக் காலத்தில் படங்கள் தகரப் பெட்டியில் வரும். கூடவே வசனமெல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த காகிதக் கட்டு ஒன்றும் வரும். நூலகத்தின் மாடியில், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிய கூடத்தில் நூற்றிருபது நாற்காலி. படங்களை நாடு வைத்துச் சொல்வதில்லை, பருவமும் நிலமும் வைத்துத்தான். பனிப் படம், மழைப் படம், மணல் படம். பனிப் படம் என்றால் பேச்சு குறைவு, மாமாவுக்கு வேலை அதிகம். திரையில் ஒரு கிழவர் சன்னல் வழியே நாலு நிமிஷம் பார்ப்பார். கூட்டம் நெளியும். “பாக்கறாரு,” என்பார் மாமா. ஒரு நிமிஷம் கழித்து, “இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காரு.” அதற்கப்புறம் யாரும் நெளிய மாட்டார்கள். பொறுப்பான ஒருவர் கூடவே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற தெம்பு.

கழகத்தில் இரண்டு கட்சி. உலக சினிமாக் கட்சிக்குத் தலைமை கணக்கு டீச்சர். ஹாலிவுட் கட்சிக்கு மாமாவின் மச்சினன், டயர்க் கடைக்காரர். இரண்டாவது சனி உலகத்துக்கு, நான்காவது சனி ஹாலிவுட்டுக்கு என்பது பல மாதச் சண்டைக்குப் பின் ஏற்பட்ட சமாதானம். படம் முடிந்ததும் மாடிப்படியில் டீத் தம்ளரோடு போர் தொடங்கும்.

“ஒரு ஆளு எழுந்திரிச்சுக் கதவைத் தொறக்க ஏழு நிமிஷம், டீச்சர். எங்காளு அந்த ஏழு நிமிஷத்துல ஊரையே காப்பாத்திட்டு, குளிச்சிட்டு வந்திருப்பான்.”

“காப்பாத்தினான் சரி. ஊர் பூரா கண்ணாடி நொறுங்கிக் கிடக்கே, அதை யார் பெருக்கினாங்கன்னு என்னைக்காவது காட்டினானா உங்காளு?”

“அதைப் பாக்க நான் எதுக்கு இங்க வரணும்? கடையில தினம் நான்தானே பெருக்கறேன்!”

“அதுக்காகத்தான் வரணும்.”

இதில் வேடிக்கை, நான்காவது சனிக்கிழமை டீச்சர்தான் முதல் ஆளாக வந்து நடு வரிசையில் உட்காருவார். கார் துரத்தும் காட்சியில் கால் தன்னையறியாமல் பிரேக் மிதிக்கும். கேட்டால், எதிரியைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்பார். இரண்டாவது சனிக்கிழமையில் கடைசி வரிசையில் இருட்டுக்குள் விசும்புவது டயர்க் கடைக்காரர். கேட்டால் ஜலதோஷம்.

மாமா எந்தக் கட்சி என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை. ஹாலிவுட் படம் ஓடும்போது அவருக்குக் கொட்டாவி வரும். “அவங்களே எல்லாத்தையும் முடிச்சிடறாங்க. வில்லன் செத்தானா, செத்தான். முத்தம் கொடுத்தாங்களா, கொடுத்தாங்க. நமக்கு அங்க என்ன வேலை?” என்பார். உலக சினிமாவோ அவருக்கு உயிர். ஆனால் அதன் முடிவுகளை மட்டும் அவரால் தாங்க முடியாது. கதவு பாதி திறந்திருக்கும், ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள், படம் முடிந்துவிடும். முதல் வருஷத்தில் ஒரு மழைப் படம் அப்படி முடிந்தபோது கூடமே கத்தியது. “என்னய்யா, அவ்வளவுதானா?” “ஆபரேட்டர் தூங்கிட்டாரா?” விளக்குப் போட முக்கால் நிமிஷம் இருந்தது. மாமா மைக்கை இழுத்து, “மறுநாள் காலையில அவ வந்துட்டா. ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்கு வெள்ளையடிச்சாங்க,” என்றார். கூடம் பெருமூச்சு விட்டது. சிலர் கைதட்டினார்கள். அன்றைக்குப் பிடித்த பழக்கம்.

அதற்கென்று அவருக்கு இலக்கணம் இருந்தது. முடிவு இரண்டு வாக்கியத்தைத் தாண்டக் கூடாது. புதையல் கிடைக்கக் கூடாது. ‘சந்தோஷமாக வாழ்ந்தார்கள்’ என்பது கூடவே கூடாது. அது சோம்பேறி செய்கிற வேலை. ஒருமுறை மூன்று மணி நேரப் போர்ப் படம். சாம்ராஜ்யம் சரிந்தது, அரண்மனை எரிந்தது, திரை இருண்டது. மாமா சொன்னது ஒரே வாக்கியம்: “அந்த நாய் திரும்பி வந்துடுச்சு.” நூற்றிருபது பேரும் முதல் அரை மணியிலிருந்து அந்த நாயைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

இவ்வளவையும் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சொன்னது வேறு. “ஊர்ப் படத்துக்கெல்லாம் முடிவு கட்டறீங்க. நம்ம குளியலறைக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. அதுக்கு எப்ப கட்டப் போறீங்க?”

டீச்சர் மட்டும் சும்மா விடவில்லை. ஆங்கில எழுத்தை ஓட்டமாகப் படிக்கத் தெரிந்த வெகு சிலரில் அவர் ஒருவர். ஒவ்வொரு இரண்டாவது சனிக்குப் பிறகும் திங்கட்கிழமை கழகத்துக்கு ஒரு கடிதம் வரும். ‘படத்தில் இல்லாத திருமணத்தை நடத்தி வைத்தார்.’ ‘படத்தில் இல்லாத மழையைப் பெய்வித்தார்.’ கழகச் செயலாளர் அதை மாமாவிடம் கொடுப்பார். மாமா பத்திரமாகக் கோப்பில் வைப்பார். வருஷக்கணக்கில் மாதம் தவறாமல் வந்த அந்தக் கடிதம் ஒரே ஒரு மாதம் வரவில்லை.

அந்த மாதம் காட்டியது ஒரு பனிப் படம். ஒரு சலவைக்காரி. சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன். அவள் துணி தேய்த்தபடியே வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் கதவை யாரோ தட்டுகிறார்கள். அவள் தலையை நிமிர்த்துகிறாள். அவ்வளவுதான் படம். மாமா சொன்னார்: “மகன்தான். ‘சாப்பிட்டியா’ன்னு கேக்கறா.”

டீச்சருக்கு ஒரு தம்பி உண்டு. தாய் தகப்பன் இல்லாமல் டீச்சரே வளர்த்த பிள்ளை. பரீட்சை விஷயமாக ஒரு நாள் வாய் முற்றி, “என் கண் முன்னாடி நிக்காதே, போ,” என்றார். போனவன் போனவன்தான், கடிதம்கூட இல்லை. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மைக்கில் பேசும்போது மாமாவுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை கடிதம் வராதபோதுதான் உறைத்தது. அதற்கு அடுத்த மாதம் புகார் வழக்கம்போல வந்துவிட்டது. நடுவில் விடுபட்டது எதற்காக என்று அவர் கேட்கவில்லை, டீச்சரும் சொல்லவில்லை.

காலம் மாறி, படங்கள் குறுந்தட்டில் வந்தன, அப்புறம் தட்டும் போய் வீட்டு டி.வி.க்கே வந்தன. வந்த இடத்தில் வினை. டயர்க் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சலவைக்காரி படத்தைத் தேடிப் பிடித்து மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மறுநாள் கடைக்கு ஓடி வந்தார்.

“மாமா, வெட்டிட்டானுங்க! கடைசி சீனையே காணோம்! பையன் ஈரச் சட்டையோட, கையில பெட்டியோட வாசல்ல நிப்பானே, அதைத் தூக்கிட்டானுங்க.”

ஈரச் சட்டையும் பெட்டியும் மாமா சொன்னதில்லை. அவை மச்சினனின் சொந்தத் தயாரிப்பு. மாமா கையிலிருந்த கண்ணாடியை ஊதித் துடைத்தார். “அப்படித்தான் பண்றாங்க இப்பெல்லாம்,” என்றார். மச்சினன் டி.வி. கம்பெனிக்குப் புகார் எழுதினார். முழுப் படமும் இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் நம்பவில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் கடைக்கு வந்து இதே குறையைச் சொன்னார்கள். அந்த நாயையும் வெட்டிவிட்டார்களாம். ஒரு தலைமுறையே பார்க்காத காட்சிகளைப் பறிகொடுத்துவிட்டு ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தது.

இப்போது கழகத்துக்கு ஐம்பதாவது ஆண்டு. புதுச் செயலாளரான பல் டாக்டர், சலவைக்காரி படத்தின் புதுப் பிரதியை வரவழைத்து, பழைய நாள் மாதிரியே மைக் மாமாவைப் பேசவைப்பது என்று ஏற்பாடு செய்தார். “வெட்டாத காப்பி! எல்லாரும் வாங்க,” என்று டயர்க் கடைக்காரர் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் புதன்கிழமை டீச்சர் கண் பார்க்க வந்தார். கடைக்குப் பின்னாலுள்ள சிறிய அறை. எதிரே எழுத்துப் பலகை. டீச்சரின் மூக்கில், கண்ணாடிச் சில்லு மாற்றிப் போடும் கனத்த இரும்புச் சட்டம்.

“இது தெளிவா, இது தெளிவா?”

“ரெண்டும் ஒண்ணுதான். முப்பது வருஷமா இதே கேள்விதான் கேக்கறீங்க சார், ஒரு தடவைகூட எனக்கு வித்தியாசம் தெரிஞ்சதில்ல.”

மாமா ஒரு சில்லைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “டீச்சர், சனிக்கிழமை போடற படம்... அதுல கடைசியில கதவு தொறக்கறதே இல்ல.”

“தெரியும்.”

“பையன் வரதும்...”

“எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் சார். படம் முடிஞ்சதுன்னு எழுத்து வந்தப்புறம்தான் நீங்க அவனை உள்ள கூட்டிட்டு வந்தீங்க.”

“அந்த மாசம் மட்டும் நீங்க கடுதாசி போடல.”

“மூணாவது வரி மங்கலா இருக்கு,” என்றார் டீச்சர்.

மாமா சில்லை மாற்றினார்.

“இப்பத் தெரியுது.” பலகையைப் பார்த்தபடியே சொன்னார். “அன்னிக்கு வீட்டுக்குப் போய் ரெண்டு பேருக்குச் சமைச்சேன் சார். உங்க குரல் அப்படி. மறுநாள் காலையில அதை எடுத்துக் கொட்டறப்பதான் கோவம் வந்துச்சு. கடுதாசி எழுத உக்காந்தேன். என்னன்னு எழுதறது? பேனாவை மூடி வச்சிட்டேன்.”

“தப்புதான் டீச்சர். மன்னிச்சுக்குங்க.”

“அது கிடக்கட்டும். உங்க கதையில அவன் வந்தான், சாப்பிட்டான், விளக்கைப் போட்டாச்சு, எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. படத்துல அப்படி இல்லையே. படத்துல அவன் இன்னும் வாசல்லதான் நிக்கறான். எப்ப வேணா வரலாம். எனக்கு அதுதான் சரிப்படுது. இந்தத் தடவை அவனை உள்ள கூப்பிட்டுடாதீங்க.”

“நான் சொல்லலேன்னா எல்லாம் வெளியில வந்துடுமே, டீச்சர். இத்தனை வருஷமா நான் புளுகினேன்னு...”

“வரட்டும். நீங்க புளுகுனது உண்மைதானே? சரி, என் நம்பர் கூடிடுச்சா, அதைச் சொல்லுங்க.”

கண்ணாடி நம்பர் கால் பாயிண்ட் கூடியிருந்தது.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. நரைத்த தலைகள், ஊன்றுகோல்கள், மாடிக்குத் தூக்கி வந்த நாலைந்து சக்கர நாற்காலிகள். மாமாவின் மனைவி முதல் வரிசை. டீச்சர் வழக்கமான நடு வரிசை. டயர்க் கடைக்காரர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும், “கடைசி சீன்ல கண்ணை இமைக்காதீங்க,” என்று சொல்லி அனுப்பினார். பல் டாக்டர் பூங்கொத்துக் கொடுத்தார். மாமா மைக் முன் உட்கார்ந்தார். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது, ஆனால், “தேய்க்கறா... இன்னும் தேய்ச்சுக்கிட்டுதான் இருக்கா,” என்றதும் கூடம் முப்பது வருஷம் இளமையாகிச் சிரித்தது.

ஒரு மணி ஐம்பது நிமிஷம் கழித்து கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. சலவைக்காரி தலையை நிமிர்த்தினாள். திரை இருண்டது.

விளக்கு வரவில்லை. நூறு தலைகள் பின்பக்கம் திரும்பின. டீச்சரின் தலை மட்டும் திரும்பவில்லை. சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். சொல்லிவிட்டால் ஈரச் சட்டையும் பெட்டியும் தாமாகவே வந்து நின்றுவிடும், எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள், இருபத்திரண்டு வருஷத்து முடிவுகளும் பிழைத்துக்கொள்ளும்.

“சொல்லுங்க மாமா,” என்றார் டயர்க் கடைக்காரர் இருட்டிலிருந்து. “யாரு மாமா அது?”

மாமா மைக் பக்கம் குனிந்தார். “யாரோ தட்டறாங்க,” என்றார். மைக்கை அணைத்தார்.