சீரோடு வந்த மாத்திரை

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பழைய அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருக்கிறது. நான் போர்ட் கிள்ளானில், சரக்குக் கப்பல்களில் இடம் பிடித்துக் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் மனைவியின் தம்பி கிள்ளானில் ஓர் அரசாங்க இடைநிலைப்பள்ளி ஆசிரியர். மாதத்தில் ஒரு ஞாயிறாவது எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். வந்தால் எனக்கும் அவனுக்கும் வாக்குவாதம்தான். அரசாங்கச் சம்பளம் வாங்கும் அவன் தனியாரே மேல் என்பான். தனியாரிடம் சம்பளம் வாங்கும் நான் அரசாங்கத்தின் பக்கம் நிற்பேன்.

"மாமா, நான் உள்ள இருந்து பாக்குறேன். உயிரக் குடுத்துப் பாடம் நடத்துறவனுக்கும் அதே சம்பளம், போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்கிறவனுக்கும் அதே சம்பளம். போட்டி இல்லாத எடத்துல எவன் லா ஓடுவான்?"

"நானும் உள்ள இருந்துதான் பாக்குறேன் மச்சான். கப்பல்ல எடம் கொறஞ்சா எங்க கம்பெனி மொத வேலையா விலைய ஏத்தும். சாமான் அனுப்புறவன் அடுத்த மாசம் அனுப்பிக்கிறேன்னு போயிடலாம். சீக்காளி அப்படிப் போக முடியுமா?"

"அதுக்காக காலைலேர்ந்து கிளினிக்ல உக்காந்து, கடைசியில ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னு கேட்டுட்டு வரணுமா? அதான் உங்க அரசாங்கம்."

"என் அரசாங்கமா? உனக்குச் சம்பளம் யாருடா குடுக்குறா?"

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும். "ரெண்டு கட்சியும் சாப்பிட வாங்க, சோறு ஆறுது."

கேட்பவர்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். எனக்கு அப்படி இல்லை. அவனவன் வேலை பார்க்கும் இடத்தின் உள்கட்டு அவனவனுக்குத் தெரியும். அங்கே பார்த்ததற்குப் பயந்துதான் இருவரும் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம்.

என் மனைவிக்குச் சில வருடங்களாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறாள். அங்கே தரும் மாத்திரை ஒரு முறை வேறு வடிவத்தில் வந்தது. முன்பு நீளமாக இருந்தது, இப்போது உருண்டை. அதே மருந்துதான், கம்பெனிதான் வேறு என்று மருந்து கொடுக்கும் இடத்தில் சொன்னார்கள். நான் உறையில் அச்சிட்டிருந்த மருந்தின் பெயரைப் பழைய உறையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றாகத்தான் இருந்தது. அவள் தம்பிக்கு அது போதவில்லை.

"எவன் மலிவாக் குடுக்குறானோ அவன்கிட்ட வாங்குறாங்க. அக்கா ஒடம்பு என்ன டெண்டரா மாமா?"

அவன் அக்காவைக் கிள்ளானில் தனக்குத் தெரிந்த ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப் போனான். நான் வேலையில் இருந்தேன். பொங்கலுக்குச் சீர் கொண்டு வந்தபோது சேலை, வாழைப்பழம், வெல்லம் இவற்றின் நடுவில் ஒரு மாத்திரைப் பெட்டியும் இருந்தது. பளபளவென்று நீலமும் வெள்ளியும் கலந்த பெட்டி.

"இதையும் சீராவே நெனச்சுக்கோங்க மாமா," என்று தட்டை நீட்டினான்.

பிறந்த வீட்டுச் சீரைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. வாங்கி வைத்தோம். அவன் போன பிறகு நான் மனைவியிடம் சொன்னேன், "இது அப்படியே இருக்கட்டும். கிளினிக் மருந்தையே சாப்பிடு." அவள் "சரிங்க" என்றாள். அவன் படியிறங்குவதற்கு முன்பே, "கிளினிக் மருந்த நிறுத்திடுக்கா" என்று சொல்லியிருக்கிறான். அவனிடமும் "சரிடா" என்றிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காலையில் கருவியில் பார்க்கும் சர்க்கரை அளவு முன்னெப்போதையும்விட நன்றாக இறங்கியது. நான் மனதுக்குள் கிளினிக்கை மெச்சிக்கொண்டேன். கிள்ளானில் அவன் தன் டாக்டரை மெச்சிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகுதான் மற்றவை தொடங்கின. நான் மாலையில் வேலை முடிந்து வரும்போது அவள் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். டம்ளரை வாங்கும்போது விரல்கள் நடுங்கும். கேட்டால், வெயில் என்பாள். ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, எங்கள் மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்டாள். மகள் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது எங்கள் தெருமுனைப் பூக்கடைக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, பயப்படாதீங்க. அக்கா கடை முன்னாடி ரொம்ப நேரமா நிக்கிறாங்க. வீட்டுக்கு எப்படிப் போறதுன்னு என்கிட்ட கேக்குறாங்க லா."

பயப்படாதீர்கள் என்று அவர் சொன்னதுதான் முதலில் பயத்தைக் கிளப்பியது. கடையிலிருந்து எங்கள் வீட்டுப் பால்கனி தெரியும். புறநகர்க் கம்யூட்டர் ரயிலில் வரும்போது ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒருவரின் மனைவிக்குப் பக்கவாதம் இப்படித்தான் தொடங்கியது. இன்னொருவரின் தாயார் வயதான காலத்தில் மகனை அடையாளம் தெரியாமல் போனார். என் மனைவிக்கு இன்னும் ஐம்பதுகூட ஆகவில்லை. இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். "தல சுத்திடுச்சு. பூக்கடை அண்ணன் ஒரு கிளாஸ் தே வாங்கிக் குடுத்தாரு, நல்லா இனிப்பா. குடிச்சதும் சரியாயிடுச்சு," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று அவள் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்த் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றான். கிளினிக்கில் காட்டி அவர்கள் கடிதத்தோடு அரசாங்கப் பெரிய மருத்துவமனைக்குப் போவதுதான் முறை என்றேன். "உங்க முறை முடியறதுக்குள்ள அக்கா நம்மள மறந்துடுவா," என்றான். நான் போனை வைத்துவிட்டேன். அவளோ எங்கும் வர மாட்டேன் என்றாள். அந்த வாரம் அப்படியே போனது.

அடுத்த ஞாயிறு அவன் வந்தான். அன்று பேச்சு எங்கள் மகளைப் பற்றி. ஆறாம் ஆண்டு முடிக்கப் போகிறாள். அடுத்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம், அது எங்கே என்பது கேள்வி.

"நான் வேலை பாக்குற மாதிரி ஒரு ஸ்கூல்ல இவளப் போடாதீங்க மாமா. கெஞ்சிக் கேக்குறேன். கிள்ளான்ல ஒரு பிரைவேட் ஸ்கூல் பாத்து வச்சிருக்கேன். பீஸ்ல பாதி என் பொறுப்பு."

"நீ ரிட்டையர் ஆனா? உனக்கே புள்ளைங்க பெரிசானா? பாதியில நிறுத்த முடியுமா? ஒவ்வொரு வருஷமும் ஏத்துவான். ஏத்தாத கம்பெனிய நான் பாத்ததில்ல."

"கிளாஸ்ல நாப்பது பேர். இவ பின் வரிசையில உக்காந்து தூங்குவா."

"தூங்காம எழுப்புறதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

மகள் ஒரு பக்கமும் பேசாமல் தட்டுகளை எடுத்து வைத்தாள். மனைவி மாத்திரை போட்டுக்கொண்டு எங்களுக்குப் பரிமாற நின்றாள். எங்கள் வீட்டில் அவள் கடைசியாகத்தான் சாப்பிடுவாள். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. நாங்களோ சாப்பிடத் தொடங்காமலே பேசிக்கொண்டிருந்தோம். சோறு ஆறுவதாக அவள் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

சாம்பார்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி அது என்ன பொருள் என்று தெரியாதவளைப் போல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்க வியர்வை. மகள் "அம்மா" என்றாள். அவள் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து மிகத் தெளிவாக, "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சரிந்தாள்.

அவன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். பின் இருக்கையில் மகளின் மடியில் அவள் தலை. சாலை பிரியும் இடத்தில் அவன் வலப்பக்கம் சிக்னல் போட்டான், தனியார் மருத்துவமனைக்கு. நான் "இடது, இடது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். "அங்க வரிசையில போடுவாங்க மாமா!" "எமர்ஜென்சிக்கு வரிசை கிடையாதுடா!" விளக்கு பச்சையாகியும் கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"எங்கயாச்சும் போங்களேன்!" என்று மகள் கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அவன் இடப்பக்கம் திருப்பினான். வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்பதற்காக அல்ல. அந்தப் பக்கம் வண்டி குறைவு.

உள்ளே கொண்டுபோனதும் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து மகளின் பெயரைச் சொன்னாள். 

இளம் டாக்டர் ஒருவர், மலாய்ப் பெண், கட்டிலருகே வந்து இவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் தம்பி. நான் கிளினிக் மாத்திரையின் பெயரைச் சொன்னேன். அதே நேரத்தில் அவன் அந்த நீலப் பெட்டியின் பெயரைச் சொன்னான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இரண்டுமா?" என்றார் டாக்டர்.

"இல்லை," என்றோம் இருவரும், ஒரே குரலில்.

"ரெண்டும்தான்," என்றாள் என் மனைவி கட்டிலிலிருந்து.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு நிதானமாக விளக்கினார். இரண்டும் ஒரே மருந்து. ஒன்றில் மருந்தின் பெயர் பெரிதாக இருக்கிறது, மற்றதில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கிறது. இத்தனை வாரமும் இரு மடங்கு சாப்பிட்டிருக்கிறார். மாத்திரையின் வேகம் உடம்பில் இன்னும் இருக்கும், சர்க்கரை மறுபடி இறங்கலாம், அதனால் நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன், "ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"நீங்க கிளினிக் மருந்துன்னீங்க. அவன் இதுன்னான். யாருக்கு இல்லன்னு சொல்றது? அதுவும் சீர்ல வந்தது. குப்பையில போட முடியுமா?" கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணு வேல செய்யலன்னாலும் இன்னொண்ணு செய்யும்னு நெனச்சேன்."

அவள் தம்பி கார் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றான். "கிள்ளான் டாக்டர் கேட்டாரு மாமா. பழசை நிறுத்திடுவாங்களான்னு. நான்தான் ஆமான்னேன். அக்கா தலையாட்டுனா," என்றான்.  கிளினிக் உறைகளை ஒப்பிட்டுப் பார்த்த நான் அந்த நீலப் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் மறுநாள் வீடு திரும்பினாள். நீலப் பெட்டியைத் தம்பியே எடுத்துப் போனான். இப்போது நலமாக இருக்கிறாள். ஆனால் மாலை வேளையில் வீட்டுக்குப் போன் செய்து அவள் எடுக்கத் தாமதமானால், இன்றும் அந்த ரயிலில் இருப்பது போல ஆகிவிடுகிறது. இரண்டு இடமும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தன. ஆனால் கிளினிக்குக்குக் கிள்ளான் டாக்டரைத் தெரியாது, கிள்ளான் டாக்டருக்குக் கிளினிக்கைத் தெரியாது. இரண்டையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளோ யாரையும் வருத்தப்படுத்தத் தெரியாதவள். அந்த இடைவெளியை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அடுத்த முறை அவன் சாப்பிட வந்தபோது மனைவி எங்களோடு சேர்ந்தே உட்கார்ந்தாள். யாரும் அரசாங்கம் என்றோ தனியார் என்றோ வாய் திறக்கவில்லை. அப்பளம் நொறுங்கும் சத்தம்தான் கேட்டது.

"என்ன, ரெண்டு கட்சியும் கலைஞ்சு போச்சா? பயமா இருக்கு, ஏதாச்சும் பேசுங்க," என்றாள் மனைவி.

அவன் தயங்கி, மகளின் பக்கம் திரும்பினான். "அந்தக் கிள்ளான் ஸ்கூல்ல சேரப் பரீட்சை எழுதுறல்ல?"

"சரி மாமா," என்றாள் அவள்.

"பக்கத்து ஸ்கூல்லயே சேந்துக்கிறேன்னு என்கிட்ட நேத்து சொன்னியே?" என்றேன்.

"சரிப்பா."

நான் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் காதிலும் அதுதான் விழுந்திருந்தது. அதே சொல், அதே மென்மை, அவள் அம்மாவின் குரல்.

மனைவி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேருக்கும் சரி சொல்லாத. எது சரின்னு சொல்லு."

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்:

"இவங்க ரெண்டு பேரும் இல்லாதப்ப கேளும்மா. சொல்றேன்."

நானும் மச்சானும் தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனோம். கீழே பூக்கடை தெரிந்தது. உள்ளே மகள் பேசத் தொடங்கிவிட்டாள். என்ன சொல்கிறாள் என்று கேட்காத தூரத்தில், பயத்தோடு நின்றுகொண்டிருந்தோம்.